ராத்தலுக்குச் சந்தனம்

துவரம்பருப்பு தராசுத் தட்டில் விழும் சத்தம் எனக்குப் பிடிக்கும். அரிசி விழுவது யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பது போல இருக்கும். பருப்பு விழுந்தால்தான் ஒரு வியாபாரம் நடக்கிறது என்று தெரியும்.

டீ ஆறிவிடும், குடித்துக்கொண்டே கேளுங்கள் அய்யா. தலைநகர் சுவாவிலிருந்து தமிழ் தெரிந்த அதிகாரியாகப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள், அதுவே பெரிய மரியாதை. இந்தத் தீவில் இளவட்டங்களிடம் தமிழில் ஒரு வாக்கியம் பேசினால், சாமி வந்துவிட்டதோ என்று கற்பூரம் தேடுகிறார்கள்.

என் பெயர் ஏழுமலை. ரக்கிரக்கியில் பஸ் நிற்கிற இடத்தில் இந்த மளிகைக் கடையை வைத்தவர் என் அப்பா. எதிரே பச்சைக் கதவு தெரிகிறதே, அது அப்துல் ரஷீத் பாயின் கடை. எங்கள் இரண்டு பேருடைய தாத்தாக்களும் ஒரே கப்பலில் கரும்பு வெட்ட வந்தவர்கள். ஒரே கப்பல் என்றால் உறவு. அந்த வகையில் அவர் எனக்கு அண்ணன். இந்த ஊர் இரண்டு மளிகைக் கடையைத் தாங்காது, ஒன்றுதான் நிற்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அண்ணன் தம்பி ஆகிவிட்டதால் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

எங்கள் சனங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எடை போட்டு முடித்து, பொட்டலத்துக்கு நூல் சுற்றும்போதுதான் அவர்களுக்கு வியாபாரமே ஆரம்பிக்கும். கொசுறு வேண்டும். ஒரு பிடி பருப்பு, நாலு மிளகாய், ஒரு கொத்து கறிவேப்பிலை. கொசுறு கொடுக்காத கடைக்காரன், கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டுப் பந்தியில் பாயசம் போடாதவன் மாதிரி. சட்டம் எழுதிய வெள்ளைக்காரர்களுக்கு ராத்தல் தெரியும், அதாவது அவர்களுடைய பவுண்டு. அதற்கு மேலே விழுகிற இந்த ஒரு பிடி தெரியாது.

அந்தப் பிடி எங்கிருந்து வர வேண்டும்? கடையின் வயிற்றிலிருந்துதான். ஆகவே என் படிக்கற்களின் அடியைக் கொஞ்சம் குடைந்தேன். கை கொடுக்கிற அளவுக்குக் கல்லைக் குறைத்தேன், அவ்வளவுதான். கல் பாதி தூரம் வரும், மீதி தூரத்துக்குக் கை வரும். இரண்டும் சேர்ந்தால் சட்டம் சொன்ன ராத்தல். போகப் போகக் கை மட்டும் கொஞ்சம் சுருங்கியது. வயதானால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்குச் சுருங்கும். அதை யாரும் குற்றமாகச் சொன்னதில்லை.

பாய் அப்படியில்லை. தராசு முள் ஆடி அடங்குகிற வரைக்கும் மூச்சுகூட விடமாட்டார். ஒரு பருப்பு கூடினால் அந்த ஒரு பருப்பைத் திருப்பி எடுப்பார். குறைந்தால் அதே ஒரு பருப்பைத் தேடிப் போடுவார். கொசுறு கேட்டால், அது எடையில் இல்லையே என்பார். இதனால் அவர் கடைக்குப் போனவர்கள் எல்லாரும் பொழுது சாய்வதற்குள் என் கடைக்கு வந்து அவரைத் திட்டினார்கள். அதில் குரல் பெரியது அஞ்சலை அக்காவினுடையது. கோயில் பாத்திரமெல்லாம் துலக்குகிற அம்மாள்.

"அந்த மனுசன் எம் பொட்டலத்துலேருந்து ஒத்தப் பருப்ப திருப்பி எடுத்துக்கினாரு ஏழுமல. ஒத்தப் பருப்பு. அத்த வெச்சி இன்னா பண்ணுவாரு, சாம்பாரா?"

"அவர் நேர்மையானவரு அக்கா," என்றேன். நான் யாரைப் பற்றியும் குறைவாகப் பேசுவதில்லை.

"நேர்மைய யாரு கேட்டா? நீ கொசுறு போடு."

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது பழைய எடை இன்ஸ்பெக்டர் தன் ஊருக்குக் கப்பலேறினார். அவர் வெள்ளைக்காரர், நல்ல மனிதர். கடைக்கு வந்தால் வெயிலைப் பார்ப்பார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், பஸ் வருகிறதா என்று பார்ப்பார். தராசை மட்டும் பார்த்ததில்லை. அவருக்குப் பதிலாக விரேந்திரா வந்தார். நம்ம பிள்ளைதான். தாத்தா சேலத்துக்காரர். ஆனால் பையன் சுவாவில் ஆபீஸ் குடும்பத்தில் வளர்ந்தவர். தமிழில் வணக்கமும் சாப்பாடும் தெரியும், மீதியெல்லாம் இந்தி. அவர் கையில் ஒரு தேக்குப் பெட்டி இருந்தது. உள்ளே ஊதா வெல்வெட். அதில் பெரிசு முதல் சிறிசு வரை பித்தளைப் படிக்கற்கள், தொட்டிலில் போட்ட குழந்தைகள் மாதிரி படுத்திருந்தன. அவற்றைக் கையால் தொடக்கூடாதாம். துணியைச் சுற்றித்தான் தூக்கினார்.

ஆயுத பூஜை முடிந்ததும் எல்லாக் கடைக் கற்களையும் இந்தப் பெட்டிக் கற்களோடு வைத்துச் சோதிக்கப் போவதாகச் சொன்னார். தவறினால் கல் பறிமுதல், லைசென்ஸ் ரத்து, கோர்ட்டு வாசலில் பெயர்.

எனக்குச் சட்டத்தின் மேல் எப்போதுமே ஆர்வம் உண்டு. அவரை உட்கார வைத்து, அன்னாசி வெட்டிக் கொடுத்து விசாரித்தேன். பொறுமையாக இந்தியில் விளக்கினார். கடையில் இருக்கிற ராத்தல் பெட்டியில் இருக்கிற ராத்தலுக்குச் சமமாக இருக்க வேண்டும். பெட்டி ராத்தல் சுவாவில் இருக்கிற ராத்தலுக்குச் சமம். சுவா ராத்தல் லண்டன் ராத்தலுக்குச் சமம்.

"லண்டன் ராத்தல் எதுக்குச் சமம்?" என்று கேட்டேன்.

விரேந்திரா இன்னொரு துண்டு அன்னாசியை எடுத்துக்கொண்டார். "அது எதுக்கும் சமமில்லை. அதுதான் ராத்தல். சட்டத்தில் அப்படி எழுதியிருக்கிறது."

பேரம் நடக்கிற வீட்டில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் அப்பா இட்லி போதும் என்றால் அம்மா அதை முதல் விலையாகத்தான் எடுத்துக்கொள்வாள். யார் எங்கே இறங்கி வருவார்கள் என்பது எனக்குச் சட்டென்று தெரியும். பெட்டியில் இருப்பதுதான் சரி என்று சட்டமே இறங்கி வந்துவிட்டது. அதற்குப் பிறகு என் கற்களைப் பெட்டிக்குத் தகுந்தபடி திருத்துவதா, பெட்டியை என் கற்களுக்குத் தகுந்தபடி திருத்துவதா என்பது வெறும் வசதியைப் பொறுத்த விஷயம். என்னிடம் கல் நிறைய இருந்தது. பெட்டி ஒன்றுதான் இருந்தது.

நான் திருடவில்லை, பூட்டை உடைக்கவில்லை. நேராகப் போய் எங்கள் பஜனைச் சங்கத் தலைவர் பாலசுப்பிரமணியைப் பார்த்தேன். தபாலாபீசில் வேலை. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய மனசு.

"தலைவரே, கரும்புக் கத்திக்குப் பூசை போடறோம். தையல் மிசினுக்குப் போடறோம். பஸ்சுக்கு மாலையே போடறோம். சர்க்கார் எடைக்கல்லு ஊர்ல வந்து குந்திக்கினு கீது. அதுக்கு ஒரு பொட்டு இல்லியா?"

"நியாயந்தாம்பா," என்றார். "இம்மா நாளா நமக்குத் தோணலியே."

விரேந்திராவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷமாக எந்த ஊரிலும் யாரும் அவரைக் கை கழுவிவிட்டு வந்து சாப்பிடு என்றுகூடச் சொன்னதில்லை. இங்கே சாமிக்குப் பக்கத்தில் அவர் பெட்டிக்கு இடம். ஆனாலும் கடமை தவறாதவர்.

"ரூல் இருக்கு," என்றார், தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி. "கை படக்கூடாது."

"கை படாது தம்பி," என்றேன். "புளிதான் படும்."

பூசைக்கு வைக்கிற பித்தளையைத் துலக்காமல் வைப்பது எங்களில் வழக்கமில்லை. துலக்குவது அஞ்சலை அக்கா. அவர் கையைப் பற்றி ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. கோயிலுக்குக் குத்துவிளக்கு வாங்கிக் கொடுத்தபோது அதன் உச்சியில் மயில் இருந்தது. இப்போது அது ஏதோ கோழி. உபயதாரர்கள் ஆசையாகப் பேர் வெட்டிக் கொடுத்த தவலைகள் எல்லாம் அடுத்த பொங்கலுக்குள் அனாதையாகிவிடும். கடற்கரை மணல், சாம்பல், புளி, மூன்றையும் தேங்காய் நாரில் எடுத்து அக்கா ஒரு சாமானைப் பிடித்தால் அது பிறந்த நிலைக்குத் திரும்பும்.

ஆனால் தேய்ப்பு மட்டும் எனக்குப் போதாது. படிக்கல் செய்கிறவர்கள் அடியில் ஒரு குழி விட்டு, அதில் ஈயம் ஊற்றி, எடையைச் சரி பண்ணி, மேலே கிரீட முத்திரை குத்துவார்கள். என் கற்களைக் குடைந்தவன் நான். அந்த இடம் எனக்குத் தெரியும். கிணற்றடியில் அக்கா துலக்கிக்கொண்டிருந்தபோது தேங்காய் சுமந்துகொண்டு அந்தப் பக்கமாகப் போனேன். போகிற போக்கில் ஒன்றுதான் சொன்னேன்.

"மேல நல்லா பளபளன்னு கீதுக்கா. அடியில பாத்தியா?"

அக்கா திருப்பிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "அய்யய்ய, இன்னா இது, கருப்பா அடைச்சிக்கினு கீது. மேல முத்திர வேற."

"சர்க்கார் முத்திரைக்கா."

"அழுக்கு மேல முத்திர குத்திட்டா அழுக்கு போயிடுமா? இந்த லச்சணத்துல சாமி முன்னால வெக்கிறதா?" என்று தேங்காய்த் துருவியின் முனையைக் கையில் எடுத்தார்.

நான் தொடவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். நான் தேங்காயோடு நின்றுகொண்டிருந்தேன். அக்கா பாரபட்சம் பார்க்கிற ஆள் இல்லை. பெட்டியில் ஒரு கல்லையும் விடவில்லை. பெரிய கல்லில் பெரிய குழி, சின்னக் கல்லில் சின்னக் குழி. பிறகு குழி தெரிவது அசிங்கமாக இருக்கிறது என்று சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். கழித்துப் போட்ட ஈயத் துண்டுகளை நான் பொறுக்கி, மீன் பிடிக்கிற செரு என்ற, இந்த மண்ணின் கைவீத்திக்காரருக்கு வலையில் கட்டக் கொடுத்தேன். வினாக்கா, வினாக்கா என்று அவர்கள் பாஷையில் நன்றி சொல்லிக் கையைக் குலுக்கினார். நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி இப்போது பவழப்பாறைக்கு அப்பால் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பூசை நன்றாக நடந்தது. ஒரு பக்கம் பஸ், ஒரு பக்கம் கத்திகள், நடுவில் வாழையிலையில் சர்க்கார் ராத்தல். கற்பூரம் காட்டும்போது விரேந்திரா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சந்தனத்தை அவர் பிறகு துடைக்கவே இல்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார் என்றார்.

முதல் சோதனை என் கடையில். என் ராத்தலை ஒரு தட்டில் வைத்தார், பெட்டி ராத்தலை மறு தட்டில் வைத்தார். என் தட்டு லேசாகக் கீழே இறங்கியது. அக்கா நான் எதிர்பார்த்ததைவிட ஆழமாகக் குடைந்துவிட்டார்.

விரேந்திரா என்னை மரியாதையோடு பார்த்து இந்தியில் சொன்னார். "நீங்கள் சனங்களுக்கு அதிகமாகக் கொடுத்துவிடுகிறீர்கள். உங்களுக்கு நஷ்டமாகுமே. கொஞ்சம் அரத்தால் ராவிக்கொள்ளுங்கள்."

எனக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷம் கடை நடத்தி ஒரு அதிகாரி வாயிலிருந்து இப்படி ஒரு சொல் கேட்டதில்லை. சர்க்கார் சொன்னபடி அன்றே ராவினேன். சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் ராவினேன்.

அப்புறம் எதிர்க்கடை. பாயின் ராத்தல் தட்டில் உட்கார்ந்ததும் சர்க்கார் தட்டு மேலே எழும்பிப் போய்க் கொக்கியில் இடித்தது.

"தம்பி," என்றார் பாய் நிதானமாக, "இது எங்க வாப்பா வாங்கின கல்லு. நான் ராவினதுமில்ல, ஒட்ட வச்சதுமில்ல. உங்க பெட்டிதான் இளைச்சுப் போயிருக்கு."

"சர்க்கார் பெட்டி இளைக்காது."

"அப்ப எங்க கல்லு பெருத்துடுச்சா? நாங்க ரெண்டு பேரும் சேந்துதானே நோம்பு இருந்தோம்."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். கல்லை ராவினால் முத்திரை குத்தித் தருகிறேன் என்று விரேந்திரா எவ்வளவோ சொன்னார். பாய் சம்மதிக்கவில்லை. சரியான கல்லைத் தப்பாக்க மாட்டேன் என்றார். வழக்கு கோர்ட்டுக்குப் போனது.

மாஜிஸ்திரேட் வெள்ளைக்காரர். ஒரு கடைக்காரன் அதிகமாகக் கொடுத்தான் என்பதற்கு எதற்கு வழக்கு என்று அவருக்கே புரியவில்லை. கூடினாலும் குறைந்தாலும் தப்புதான் என்று சட்டத்தைக் காட்டினார்கள். விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அப்போது என்னைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினார்கள். பொய் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார்கள். நான் பொய் சொல்லவில்லை.

பாய் யாருக்காவது அதிகமாகக் கொடுக்கிறவரா என்று கேட்டார்கள். ஒரு பருப்புகூடக் கொடுக்க மாட்டார், ஊருக்கே தெரியும் என்றேன். கோர்ட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அஞ்சலை அக்கா வாய்விட்டே ஆமாம் என்றார். அப்படியானால் கனமான கல்லை எதற்கு வைத்திருக்கிறார் என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"எனக்குத் தெரியாது எசமான்," என்றேன். "குடியானவங்ககிட்ட வேர்க்கடலை வாங்கறதும் அதே கல்லுலதான்."

அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கனமான கல்லில் வாங்கினால் குடியானவனுக்கு என்ன ஆகும் என்பது வெள்ளைக்காரருக்கும் புரிகிற விஷயம். பாயின் கற்களைப் பறிமுதல் செய்தார்கள். இனி எடை போட்டு விற்கிற உரிமை இல்லை என்று எழுதினார்கள். கோர்ட்டு வாசலில் பெயரை ஒட்டினார்கள். வெளியே வந்து பாய் வெயிலில் நின்றபோது அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தது நான்தான். "நீ உள்ளதைத்தானே சொன்னே," என்று என் தோளில் தட்டினார். நல்ல மனிதர்.

அதற்குப் பிறகு ஊர் செழித்தது. விரேந்திரா இந்தப் பக்கத்துத் தராசு எல்லாவற்றையும் அந்தப் பெட்டியை வைத்துச் சரி பண்ணினார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் லீலாவதி குழந்தைகளை நிறுத்தால் எல்லாம் கொழுகொழு என்றிருந்தன. மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. சுமன் என்று ஒரு குத்துச்சண்டைப் பையன். சாப்பாட்டைக் குறைத்தும் எடை ஏறிவிட்டது என்று பெரிய ஆட்களோடு சண்டைக்கு விட்டார்கள். பாவம், பல்லை நாடி என்கிற ஊரில் விட்டுவிட்டு வந்தான். தலைவர் பாலசுப்பிரமணி தபாலாபீஸ் பார்சல் தராசில் ஏறிப் பார்த்து, பயந்து, ராத்திரிச் சாப்பாட்டை விட்டார். இப்போது வேட்டி இடுப்பில் நிற்பதில்லை. இதில் யாருக்கு நஷ்டம்? அவருக்கு மூச்சு வாங்குவதுகூட நின்றுவிட்டது.

ஊருக்கு ஒரே கடை என்று ஆனது. என் கடை. அப்படியே இருந்திருக்கும்.

பாய் கொஞ்ச நாள் வீட்டோடு இருந்தார். ஒரு நாள் சந்தைப் பக்கம் போய், கைவீத்திப் பெண்கள் தலோக் கிழங்கைக் கட்டாகவும், மரவள்ளியைக் குவியலாகவும் வைத்து விற்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவர்களிடம் தராசும் இல்லை, இன்ஸ்பெக்டரும் இல்லை. மறுநாள் பச்சைக் கதவைத் திறந்தார். மேசை நிறைய வாழையிலை. இலைக்கு ஒரு கூறு. பருப்புக் கூறு, அரிசிக் கூறு, வெங்காயக் கூறு, மிளகாய்க் கூறு. எடை இல்லை. பார், பிடித்தால் எடு.

எங்கள் சனங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கூறு என்றால் அதன் தலையில் எப்போதும் இன்னும் கொஞ்சம் வைக்க இடம் இருக்கிறது அய்யா. அஞ்சலை அக்கா இலையைச் சுற்றி வந்து, இது சின்னது, அது பெரிசு, இதன் மேல் அதில் கொஞ்சம் போடு என்று பேசுகிறார். அந்த மனிதர் போடுகிறார். ஒற்றைப் பருப்பைத் திருப்பி எடுத்தவர், கை நிறைய அள்ளிப் போடுகிறார். எனக்கு ஆச்சரியம் தாங்காமல் போய்க் கேட்டேன்.

"இன்னா அண்ணே, இப்பிடி அள்ளி விடறீங்க?"

"கல்லு இருந்தப்ப கல்லு சொன்னபடி கேட்டேன்பா," என்றார். "இப்பத்தான் கை நம்மளுதுன்னு தெரியுது."

இந்தக் கடையைத்தான் பார்க்கிறீர்களே. நீங்கள் வந்து இவ்வளவு நேரமாகிறது, ஒரு ஆள் உள்ளே வந்ததா? தராசு முள் நட்டநடுவில் நிற்கிறது, அசைக்க ஆளில்லை. இன்ஸ்பெக்டரிடம் புகார் சொன்னேன். எடை போட்டு விற்றால்தான் எடைச் சட்டம், போடாதவனை நான் எதைக் கொண்டு அளப்பது என்று விரேந்திரா கையை விரித்துவிட்டார். நல்ல பிள்ளை, கொஞ்சம் விவரம் போதாது. அவரைப் புலிலேகாப் பக்கம் மாற்றிக் கரும்பு லாரி எண்ண வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு நான் காரணமென்று நினைக்கவில்லை.

பெட்டியில் சந்தனத்துக்கு அடியில் குழி இருக்கிறது என்று சுவாவுக்குத் தந்தி அடித்தது யார் என்று நீங்கள் விசாரித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்கள். நான்தான். பெயர் போட்டால் விளம்பரம் தேடுகிறான் என்பார்கள் என்று போடவில்லை. அப்படி ஏதாவது நடந்தால்தான் உங்களைப் போல மேலிடத்து ஆள் ஒருவர் நேரில் வருவார் என்று தெரியும். வந்துவிட்டீர்கள்.

ஆக, பெட்டியைக் குடைய வைத்தது நான், கோர்ட்டில் பாயை மாட்டிவிட்டது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். எனக்கு என்ன கிடைக்க வேண்டுமோ கிடைக்கட்டும். ஆனால் என்னைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் அந்தப் பச்சைக் கதவுக்குள் ஒரு நடை போய், அந்த இலைகளையும் கூறுகளையும் ஒன்று விடாமல் பறிமுதல் செய்துவிடுங்கள். சட்டப்படியான அளவு என்று ஒன்று இல்லாமல் ஊரில் வியாபாரம் நடந்தால், அய்யா, என்னை மாதிரி நேர்மையானவன் எதை நம்பிக் கடை வைப்பது?